நோட்டீஸுக்கு முன்பே உத்தரவு வர வேண்டும்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26 அன்று. அடிபட்ட பெண்ணுக்கு அன்றைய தினமே கைகொடுக்கக்கூடிய அதன் 23ஆம் பிரிவை இன்னமும் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறோம் என்பதே என் ஆதங்கம்.

அவள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்திலிருந்து வன்முறை நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று முகாந்திரம் தெரிந்தாலே, எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பாகவே நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். கணவர் அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது, வேலை பார்க்கும் இடத்துக்கு வரக் கூடாது என்பதில் தொடங்கி, அவரையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்வது வரை அதற்குள் வரும்.

ஆனால் பல வழக்குகளில் முதலில் போவது நோட்டீஸ்தான், பிறகு வாய்தா. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாட்களுக்குள், முடிவு 60 நாட்களுக்குள் என்று சட்டம் வகுத்த கால அளவு ஏட்டோடு நின்றுவிடுகிறது. "என்னையே கோர்ட்டுக்கு இழுத்துட்டியா?" என்ற கேள்வியோடு கணவர் அந்த நோட்டீஸைப் பிரிக்கும் இரவில், பிள்ளைகளை விட்டு வர மனமில்லாமல் அதே வீட்டில் படுத்திருக்கும் பெண்ணுக்கு யார் காவல்? அவள் வழக்குப் போட்டதே அவளுக்கு ஆபத்தாக முடியும் அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தப் பிரிவு எழுதப்பட்டது.

பொய்ப் புகார் என்றால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இடைக்கால உத்தரவு தண்டனை அல்ல. சூழ்நிலை மாறியிருந்தால் அதை மாற்றவோ நீக்கவோ கோரி கணவரும் மனு செய்யலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிக்காதவருக்கு இதில் என்ன நஷ்டம்?

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மருமகளை வெளியேற்றிவிட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. அதன் பிறகும் காவல் நிலையங்களில் "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாம்மா" என்று சமாதானம் பேசி அனுப்புவது வேதனைக்குரியது.

இந்த நிலையில் இருப்பவர்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு செய்யலாம். பிரதான மனுவோடு, 23ஆம் பிரிவின் கீழ் உடனடி உத்தரவு கேட்டுப் பிரமாணப் பத்திரத்தையும் அன்றைக்கே தாக்கல் செய்யும்படி வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள். உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் அது அனுப்பப்பட வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.