வளைகிற பொம்மைக்கு வெறும் பெவிகுவிக் நிற்காது
அண்ணாச்சி, பட்டாள பொம்மைக்கு ஒரு சொட்டு பெவிகுவிக் போதும், அச்சு சேருமிடத்தில் விழுகிற விளிம்பு வரியை உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும் என்கிறீர்கள். பாலிஸ்டைரீன் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கில் வருகிற, நாமே ஒட்டிச் சேர்க்கிற கிட் என்றால் சரிதான். ஆனால் 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) வருகிற இந்த வளைகிற பொம்மைகளில் நிறைய பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக், அதன் மேல்பரப்பில் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற மாடல் சிமெண்டாலும் அதைக் கரைக்க முடியாது, ஒட்டினது மாதிரி இருந்துவிட்டு துப்பாக்கிக் கையை லேசாக வளைத்ததுமே பட்டென்று விட்டுவிடும்.

சந்தேகமா? பொம்மைகள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள் (தாமிரபரணித் தண்ணியே போதும்). பாலிஎத்திலீன் மிதக்கும், பிவிசியும் பாலிஸ்டைரீனும் முங்கிவிடும். மிதந்தால் முதலில் பாலிஒலிஃபின் பிரைமர் (இந்த மாதிரி பிளாஸ்டிக்கில் பசை பிடிக்க வைக்கிற திரவம்) தடவி, காய்ந்த பிறகுதான் பெவிகுவிக். டவுன் ஹார்ட்வேர் கடைகளில் பிரைமர் கிடைக்கவில்லை என்றால் சூடான ஊசியால் துளை போட்டு மெல்லிய கம்பியைச் செருகுங்கள், எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை நல்லதில்லை.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பஞ்சு பஞ்சாக நார்தான் எழும்பும். அந்த வரியைப் புது பிளேடால் சீவுங்கள். அப்புறம் பெயிண்டுக்கு முன்னால் சோப்புத் தண்ணீரில் ஒரு கழுவு, அச்சில் தடவுகிற எண்ணெய் அதில் ஒட்டியிருக்கலாம்.