கல்கி வருகிறாராம், ரட்சை ஐயாயிரம் ரூபாய்

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்கி பிறந்துவிட்டார், கல்கி புராணத்தில் சிங்களத் தீவு வருகிறது, ஆகவே அடுத்து திருகோணமலைக்குத்தான் வருகிறார் என்றார் அந்தப் பேச்சாளர். கையில் கட்டும் ரட்சையும் ஐயாயிரம் ரூபாய்க்கு விற்றார்கள். நான் எழுந்து, "இது எந்த அத்தியாயத்தில் இருக்கிறது ஐயா?" என்று கேட்டேன். "நம்பிக்கை இல்லாவிட்டால் வெளியே போம் தம்பி" என்றார். விடிந்தால் வாட்ஸ்அப் குழுவிலும் நான் இல்லை. நல்லது.

கல்கி புராணத்தில் சிங்களத் தீவு வருவது உண்மைதான். அங்கே கல்கி வருவது பிருகத்ரதன் மகள் பத்மாவைக் கலியாணம் செய்ய. திருகோணமலையில் ரட்சை விற்க அல்ல.

பாகவதம் பன்னிரண்டாம் ஸ்கந்தம், இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். சம்பல கிராமம், தந்தை விஷ்ணுயசஸ், குதிரை தேவதத்தம், எல்லாம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் மனித ஆயுள் இருபது, முப்பதாகச் சுருங்க வேண்டும், பசு ஆட்டளவு ஆக வேண்டும். உட்துறைமுக வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கல்கி வருவது கலியுக முடிவில். கலியுகம் 4,32,000 ஆண்டு. தொடங்கியது கி.மு. 3102 என்பது நம் பஞ்சாங்கக் கணக்கு. மிச்சம் நாலு லட்சத்துக்கு மேல்.

"அந்தக் கணக்கே பிழை, யுகங்கள் குறுகியவை" என்று ஒருவர் வருவார். சரி. யோகானந்தரின் குரு சுவாமி ஸ்ரீ யுக்தேஸ்வர் கணக்குப்படி கலியுகம் 1700 அளவிலேயே முடிந்துவிட்டது. அப்படியென்றால் கல்கி ஒல்லாந்தர் காலத்திலேயே வந்து போயிருக்க வேண்டும்!

"கோட்டை வாசல் கல்வெட்டு பலிக்கவில்லையா?" என்பார் இன்னொருவர். குளக்கோட்டன் திருப்பணி செய்த கோணேசர் கோயிலைப் பறங்கி (போர்த்துக்கேயர்) இடிப்பான், பிறகு பூனைக்கண்ணன், புகைக்கண்ணன் என்று வருவார்கள் என்னும் 'முன்னே குளக்கோட்டன்' பாட்டைத்தான் சொல்கிறார். பறங்கி கோயிலை இடித்த பிறகு பூனைக்கண் இவன், புகைக்கண் அவன் என்று ஆள் பொருத்தியவர்கள் நாம். அதற்கு மேல் இதில் பேச எனக்கு விருப்பமில்லை.

நாத்திகன் என்கிறீர்கள். என் அப்பா கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் சொன்னவர். ஒருவர் பாட்டைப் படிப்பார், அப்பா பொருள் சொல்வார். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், பின்னால் தூணோடு சாய்ந்திருக்கும் கிழவர்கள் "பாட்டில் அப்படி இல்லையே" என்று நிறுத்துவார்கள். அப்பா திரும்பப் பார்த்துத் திருத்துவார். யாரையும் வெளியே போகச் சொன்னதில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் எனக்குக் கோயிலில்தான் வந்தது.

போதாததற்கு நாம் சைவர்கள். சிவன் எந்த வயிற்றிலும் பிறக்க மாட்டான் என்று படித்து வளர்ந்தவர்கள். சம்பந்தர் பாடிய கோணேசர் மலையில் இருக்கும்போது, யூடியூப்பில் வரும் அவதாரத்துக்கு என்ன அவசரம்?

"நல்லது நடக்கும் என்று நம்புவதில் உனக்கென்ன நட்டம்?" எனக்கு ஒரு நட்டமும் இல்லை. என் சின்னம்மா 2006 இல் போருக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடி வந்தவர். மகன் எங்கே என்று இன்றுவரை தெரியாது. கல்கி வந்தால் காணாமல் போனவர்கள் திரும்புவார்கள் என்று மேடையில் சொன்னதை நம்பி, கடன் வாங்கி ரட்சை கட்டியிருக்கிறார். ஐயாயிரம் ரூபாய். இது எந்தப் புராணத்தில் இருக்கிறது? கைதட்டினீர்களே, உங்களில் ஒருவராவது சொல்லுங்கள்.

அதே அத்தியாயத்தில் கலியுகத்து அடையாளம் ஒன்று உண்டு: வாய்ச்சாலகம் உள்ளவனே பண்டிதன் எனப்படுவான். இந்த ஒன்று மட்டும் பலித்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

கமெண்டில் திட்டுகிறவர்கள் திட்டுங்கள். ஏற்பாட்டாளர்கள் அந்தக் காசை மட்டும் சின்னம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீடு உங்களுக்குத் தெரியும்.