0டபிள்யூ-20 கார் எஞ்சின் ஆயில் நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாதா?

அண்ணே, "சிங்கப்பூர் சூட்டுக்கு 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி ஓடிடும், எல்லாரும் 5டபிள்யூ-40 ஊத்துங்க, 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துங்க"ன்னு எழுதியிருக்கீங்க. இது தப்பு, நம்பிச் செஞ்சா காசும் போகும்.

டபிள்யூவுக்கு முன்னாடி உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் எப்படி ஓடும்னு சொல்லுது. பின்னாடி உள்ள 20, 40 என்பது 100 டிகிரியில் அளக்கும் கெட்டித்தன்மை. வெளியே 24 ஆனாலும் 33 ஆனாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவத்தை 90 டிகிரி பக்கத்துலயே வச்சிருக்கும்; அதனால வெளி வெயிலால ஆயில் அவ்வளவா நீர்த்துப் போகாது. எஞ்சின் ஓடாம 30 டிகிரியில் இருக்கிற 0டபிள்யூ-20, சூடான 5டபிள்யூ-40-ஐ விடப் பல மடங்கு கெட்டி. 20-க்குன்னே வடிவமைச்ச எஞ்சினில் 40 ஊத்தினா பெட்ரோல் கூடுதலா செலவாகும், வால்வ் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) மெதுவாக மாறலாம்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஒரு ஆயில் தரம்) கேட்கிற ஐரோப்பிய வண்டியில் 0டபிள்யூ-20 ஊத்தவே கூடாது. மேனுவலில் உள்ள எண்ணையும் தரக்குறியீட்டையும் சேர்த்தே பாருங்க. பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீய்ச்சும் டர்போ நேரடி இன்ஜெக்‌ஷன்னா, மேனுவல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரம் கேட்டிருந்தா, டப்பாவில் எஸ்பின்னு அந்தத் தரம் போட்ட ஆயில் வாங்குங்க.

மாத்தும் இடைவெளி ஓட்டத்தைப் பொறுத்தது. பல மேனுவல்களில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துதோ அது. தினமும் மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடுதா, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் மணிக்கணக்கா நிக்குதா? அப்போ மேனுவலின் கடும் பயன்பாட்டு அட்டவணையைப் பின்பற்றுங்க. சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைச்சுப் பாருங்க. ஊத்தாமலே மட்டம் ஏறி பெட்ரோல் வாடை வந்தா, கிலோமீட்டரைப் பார்க்காம மாத்திட்டு, காரணத்தையும் சோதிக்கச் சொல்லுங்க.