தண்ணீர் பார்க்கப் போன அம்மா

போன ஆகஸ்டில் ஒரு ராத்திரி. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகள் இரண்டு மணிவாக்கில் விழித்திருக்கிறாள். பக்கத்துப் பாயில் அம்மா இல்லை, போர்வை மட்டும் கிடக்கிறது. பிள்ளை போட்ட அலறலில் தெருவே எழுந்துவிட்டது. "அம்மாவ இயேசப்பா எடுத்துக்கிட்டாரு, என்னை விட்டுட்டாரு!"

எங்கள் ஊர் கடைமடை, பாசன வாய்க்காலின் கடைசி முனை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுக்க, அவள் அம்மா டார்ச்சும் மண்வெட்டியுமாக மடை திறக்கப் போயிருந்தாள். சேற்றுக் காலோடு ஓடி வந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். விடியும்வரை பிள்ளை அந்தச் சேலைத் தலைப்பை விடவில்லை.

அந்த வாரம்தான் பிள்ளைகள் கூட்டம் ஒன்றில் இரகசிய வருகையைப் பற்றி, அதாவது இயேசு யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வருகையை நம்பாதவன் இல்லை நான். "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறேன், மனதார. அதனால்தான் இவ்வளவு கோபம்.

மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்ற வசனம் 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. செத்துப்போன சொந்தங்கள் என்ன ஆவார்களோ என்று கலங்கிக் கிடந்தவர்களுக்குப் பவுல் எழுதியது. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்." துக்க வீட்டுக்கு எழுதின ஆறுதலை எடுத்துப் பத்து வயதுப் பிள்ளையை மிரட்டலாமா?

உலக முடிவில் வரும் என்று சொல்லப்படும் ஏழு வருட உபத்திரவத்துக்கு முன்பே சபை இரகசியமாக எடுக்கப்படும் என்கிற போதனை 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரிட்டிஷ் பிரசங்கியார் வழியாகப் பரவியது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கையில் இந்த அட்டவணை இல்லை. அவரும் கர்த்தர் வருவார் என்று நம்பித்தான் பள்ளிக்கூடம் வைத்தார், தமிழ் படித்தார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சில் ஏற்றினார்.

தேதி குறித்தவர்கள் கதை தெரியும்தானே. அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்றார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், அப்புறம் அக்டோபர் 21 என்றார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர யாரும் அறியார் என்று மத்தேயு 24:36இல் ஆண்டவரே சொன்ன பிறகும் நம் வாட்ஸ்அப்பில் கணக்குப் போடுகிறார்கள். ஆதார் வந்தால் வெளிப்படுத்தின விசேஷத்தில் சொன்ன மிருகத்தின் இலக்கமான 666, தடுப்பூசி வந்தால் 666.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, அது ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் கடற்கரையில் பிணங்களை அடக்கி முடிக்கவில்லை, அதற்குள் ஒருவர் மைக்கில் லூக்கா 21:25ஐ வாசித்து, "சமுத்திரமும் அலைகளும் முழங்கிற்று, பார்த்தீர்களா?" என்றார். எதிரே பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை அவள். இன்றைக்கும் அந்த வசனத்தை வாசிக்கும்போது எனக்கு அவள் முகம்தான் வருகிறது.

காத்திருப்பதைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் திறக்க ஜூன் 12 என்று நாள் உண்டு. ஆனாலும் கடைமடைக்கு எந்த ராத்திரி வரும் என்று எவர் சொல்ல முடியும்? அதற்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டா இருக்கிறோம்? வாய்க்காலில் கோரையை அறுக்கிறோம், வரப்பு வெட்டுகிறோம், நாற்றங்காலைச் சரிசெய்கிறோம். யாக்கோபு 5ஆம் அதிகாரமும் இதைத்தான் சொல்கிறது: முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் பயிரிடுகிறவனைப் போல, கர்த்தர் வருமளவும் இருங்கள் என்று.

பிள்ளைகளுக்கு வருகையைச் சொல்லிக்கொடுங்கள். அவர் யாரென்று முதலில் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளைத் தடுக்காதிருங்கள் என்று சொல்லி அணைத்துக்கொண்டவர்தான் வரப்போகிறவர்.

எங்கள் அப்பாயி ஒவ்வொரு ராத்திரியும் குடும்ப ஜெபத்தை "ஆமென், கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்று முடிப்பார். சம்பா நேரமென்றால், முழங்காலிலிருந்து எழுந்த கையோடு கொல்லைக்குப் போய் விதைநெல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவார்.