மலிவான புது லேப்டாப்பை விட பழைய ஆபீஸ் லேப்டாப் மேல்

"டைப் அடிக்க, கணக்கு பார்க்க, மீட்டிங்கில் பேச ஒரு லேப்டாப் வேண்டும், பட்ஜெட் குறைவு" என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த புது லேப்டாப்பை வாங்காதீர்கள். கம்பெனிகளுக்கென்றே தயாரான நல்ல லேப்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். இந்தப் பதிவை நான் எழுதுவதும் அப்படி ஒன்றில்தான்: 2018இல் வந்த லெனோவோவின் திங்க்பேட் டி480.

மலிவான புது லேப்டாப் எப்படி மலிவாகிறது என்று பாருங்கள். ரேமை, அதாவது ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகத்தை, மதர்போர்டு என்ற முக்கிய சர்க்யூட் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். 4 ஜிபியோடு வந்தால் கடைசிவரை 4 ஜிபிதான். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புக்குப் பதில் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு, அதுவும் பல மாடல்களில் 64 ஜிபி. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அந்த லேப்டாப் வாங்கிய அன்றே முடிந்துபோன லேப்டாப். புதுசு என்ற ஒன்றைத் தவிர அதில் நமக்கு லாபம் எதுவும் இல்லை.

திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் எல்லாம் வேறு கணக்கில் செய்யப்பட்டவை. நூற்றுக்கணக்கில் வாங்கும் கம்பெனிகள், பழுதானால் தங்கள் ஆட்களே திறந்து சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதனால் எந்தத் திருகை எப்போது கழற்றுவது என்று படத்தோடு விளக்கும் சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளரே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார். மூன்று நான்கு வருடம் ஆனதும் கம்பெனிகள் மொத்தமாக மாற்றிவிடுவதால், நல்ல நிலையில் இருப்பவையும் சந்தைக்கு வருகின்றன.

என் டி480க்கு நானே ரேம் கூட்டினேன். வெளியே இருக்கும் பேட்டரியை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் இன்னொரு பேட்டரியை பயாஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) முடக்கிவிட்டு, அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தினேன். அவை மூடியிலேயே தங்கிவிடும், தொலைந்துபோகாது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கார்டை நுழைத்து நகர்த்த, கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. உள்ளே ரேமுக்கு இரண்டு இடம். ரேமைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். வேலை அவ்வளவுதான்! ஆனால் பெயரைக் கவனியுங்கள். டி480 வேறு, டி480எஸ் வேறு. 'எஸ்' மாடலில் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட ஒரே இடம்தான். எக்ஸ்1 கார்பனில் அந்த ஓர் இடமும் கிடையாது. ஒல்லியாக இருக்கிறதே என்று மயங்கி வாங்கினால் பின்னால் ரேம் கூட்ட முடியாமல் போகலாம்.

அப்புறம், 'ஐ7' பிராசசர் என்ற ஸ்டிக்கரைக் காட்டிப் பேசுகிறவர்கள். இன்டெலின் மெல்லிய லேப்டாப்புகளுக்கான யூ வரிசையில் ஏழாம் தலைமுறை வரை ஐ7க்கும் இரண்டே கோர்தான், அதாவது பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி இரண்டே. 2017இல் எட்டாம் தலைமுறை வந்தபோதுதான் ஐ5க்கே நான்கு கோர் கிடைத்தது. ஆகவே எட்டாம் தலைமுறை ஐ5, ஆறாம் தலைமுறை ஐ7ஐ விட மேல். ஐக்குப் பின்னால் வரும் எண்ணைவிட அதற்கடுத்த நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை.

இந்த எட்டுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பது, ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நேற்றுவரை நன்றாக ஓடிய கோடிக்கணக்கான கணினிகளை இந்த ஒரு கோடு பழசாக்கிவிட்டதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு லேப்டாப்பால் உண்டாகும் கரிம மாசில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே உண்டாகிவிடுகிறது. ஓடுகிற லேப்டாப்பை ஒதுக்கிவிட்டு இன்னொன்றைச் செய்வது யாருக்கு நல்லது?

ஏழாம் தலைமுறையோ அதற்கும் பழையதோ கைக்கு வந்தால், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வேலைக்கு விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்றால் மட்டும் எட்டுக்குக் கீழே போகாதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் எந்த யோசனையும் இல்லாமல் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். பழைய லேப்டாப் 'ஸ்லோ' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் அந்த டிஸ்க்கின் குற்றம்தான்.

வாங்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் பயாஸைத் திறக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். அடுத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, இணையத்தில் இணைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் லாகின் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அது வேண்டாம்.

ஸ்கிரீனைப் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். நிறம் தலைகீழாக மாறினால் அது பழைய டிஎன் ரகம், நாள் முழுக்கப் பார்க்கக் கண்ணுக்குச் சுகமில்லை. ஒரே மாடலிலேயே 1366க்கு 768 ஸ்கிரீனும் 1920க்கு 1080 ஸ்கிரீனும் வந்திருக்கும், இரண்டாவதைத் தேடுங்கள். நோட்பேடில் எல்லாக் கீகளையும் ஒருமுறை தட்டிவிடுங்கள். டச்பேட் மேலெழும்பி இருந்தாலோ, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். இது ஆபத்து, பேரம் பேசக்கூட நிற்காதீர்கள்.

பேட்டரியைப் பற்றி விற்பவர் வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிதான் என்றால், புது பேட்டரியின் விலையைச் சேர்த்தே உங்கள் கணக்கைப் போடுங்கள்.

பெரிய வீடியோ எடிட்டிங், புது கேம்கள் உங்கள் தேவை என்றால் இந்தப் பதிவு உங்களுக்கானது இல்லை. மற்றவர்கள் வாங்கிய கையோடு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்து, பிராசசரின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் பூசி, இப்போது காய்ந்துபோன தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிடுங்கள். சூடும் குறையும், ஃபேன் சத்தமும் குறையும்.