பத்து மீட்டர், தலை. இல்லையென்றால் இழுக்காதீர்கள்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், தேடிப் போக வேண்டாம். முப்பது மீட்டராவது இருக்கும். அங்கே நிற்கும் முயலை ஒருவர் உண்டிவில்லால், அதாவது கவட்டையில் ரப்பர் கட்டிய வில்லால், அடிக்கிறார். குண்டு பின்தொடையில் படுகிறது. அது காலை இழுத்துக்கொண்டே புதருக்குள் போகிறது. கேமராவுக்குப் பின்னால் கெக்கெக்கே என்று சிரிப்பு. மேலே தலைப்பு வேறு: ‘இது பையில் இருந்தால் காட்டில் பட்டினி இல்லை’.

நான் அதன் கீழே போட்டது ஒரே வரி. பத்து மீட்டருக்குள் தலைக்குக் குறி கிடைக்காவிட்டால் இழுக்கவே கூடாது. அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த பட்டங்களை நீங்களே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். ‘ஏசி ரூம் வேடன்’ என்பதுதான் அதில் மரியாதையானது. சரி, இங்கே நிதானமாகவே சொல்கிறேன்.

12 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஏறக்குறைய 7 கிராம் இருக்கும். நல்ல ரப்பரும் பழகிய கையும் இருந்தால் விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும். அடியின் ஆற்றலைக் கணக்குப் போட்டால் 12, 13 ஜூல். சாதாரண பாயின்ட் 22 துப்பாக்கித் தோட்டாவே 100 ஜூலைத் தாண்டும். அது துளைத்துக்கொண்டு போகும். உண்டிவில் குண்டு துளைக்காது, நசுக்கும். தலையில் பட்டால் மண்டை உடைந்து அங்கேயே விழும். உடம்பில் பட்டால் ரோமமும் தசையும் பாதி அடியை வாங்கிக்கொள்ளும். முயல் ஓடிப்போய், உங்கள் கை எட்டாத வளைக்குள் மணிக்கணக்கில் கிடந்து சாகும். உங்களுக்கும் கறி இல்லை.

தூரத்தையும் பாருங்கள். 60 மீட்டர் வேகத்தில் பத்து மீட்டரைக் கடப்பதற்குள் குண்டு 14 சென்டிமீட்டர் கீழே இறங்கும். பழகினால் கை தானாக அதைச் சரிசெய்யும். முப்பது மீட்டரில் அதுவே ஒன்றேகால் மீட்டர் ஆகிறது. காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் கூடும். அதைவிட முக்கியமானது சத்தம். ரப்பர் ‘சடக்’கென்று அடிக்கும் ஒலி முப்பது மீட்டரை விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். குண்டுக்கு அரை விநாடி வேண்டும். அந்த இடைவெளி முயலுக்குத் தாராளம். அதனால்தான் வீடியோவில் தொடையில் பட்டது. குறி தவறவில்லை, முயல் நகர்ந்துவிட்டது. இதைச் சொன்னால் நான் கோழையாம்.

‘உயிர் போகிற நேரத்தில் எவன் மீட்டர் அளந்துகொண்டு இருப்பான்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதிகம் லைக் வாங்கிய கேள்வி. அப்போதுதான் ஐயா அளக்க வேண்டும். வயிறு நிறைந்தவனுக்கு ஒரு குண்டு போனால் ஒரு குண்டுதான் போனது. பட்டினி கிடப்பவனுக்கு, காயம்பட்ட முயலின் பின்னால் ஓடிய ஓட்டமும் சிந்திய வியர்வையும் சேர்ந்தே போகின்றன.

ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவர் உயிரைக் கொல்ல விடவில்லை. அட்டையில் முயல் வெட்டி, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே சின்ன வட்டம் போட்டுப் புதர்களுக்குள் ஒளித்து வைத்தார். முதல் நாள் மாலை எல்லோரும் சூரர்கள். பிறகு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை, குளிர், காலையில் சாப்பாடும் தரவில்லை. அந்த நிலையில் அதே அட்டை, அதே தூரம். விரல் மரத்துப்போனால், ரப்பர்களை இணைக்கும் தோல் பைக்குள் குண்டைப் பிடிப்பதே பெரும்பாடு. ரப்பரும் குளிரில் மந்தமாகிவிடுகிறது, இழுத்த அளவுக்குத் திரும்பி அடிப்பதில்லை. முதல் நாள் தகர டப்பாவைப் பறக்கவிட்டவர்கள் அட்டையின் காதைக்கூடத் தொடவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் அடித்தார். அவர் மற்றவர்களைப் போல நின்ற இடத்திலிருந்து இழுக்கவில்லை. குனிந்து, தவழ்ந்து, மறைந்து ஏழெட்டு மீட்டர் வரை நெருங்கினார். இழுத்தார், பட்டது. நான் அந்த ஒற்றை வரியை எங்கிருந்து எழுதினேன் என்று இப்போது புரிகிறதா?

அடுத்தவர், ‘ஆதி மனிதன் இதை வைத்துத்தானே பிழைத்தான்’ என்கிறார். இல்லை. ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியை சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்ததே 1839இல். காப்புரிமை 1844இல். அதற்கு முன்னால் இந்த உண்டிவில்லே கிடையாது. ஆதி மனிதன் கையில் இருந்தது கயிற்றில் வைத்துச் சுழற்றி எறியும் கவண். அது வேறு கருவி, வேறு பழக்கம். நம் கையில் இருப்பது ரயில் வந்த பிறகு வந்தது. ஆதி மனிதனை விட்டுவிடுங்கள், பாவம்.

‘நீ கறி தின்பதில்லையா?’ தின்கிறேன். அடுத்து.

உண்டிவில்லே வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. எடை இல்லை, சட்டைப்பைக்குள் அடங்கும், குண்டைத் தேடி எடுத்து மறுபடி போடலாம், தீர்ந்தால் கல் இருக்கிறது. கல் என்றால் உருண்டைக் கல். கோணல்மாணலான கல் எங்கே போகும் என்று எய்தவனுக்கே தெரியாது. களிமண்ணை உருட்டிச் சுட்டு வைத்தால் அதைவிட நேராகப் போகும். அப்புறம், இரண்டு வருடமாகப் பையில் கிடந்த ரப்பரை நம்பாதீர்கள். வெயிலும் காற்றும் அதைத் தின்றுவிடும். தோல் பையைக் கட்டியிருக்கும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும், இழுத்துப் பார்த்தால் தெரியும். அறுந்தால் வந்து அடிப்பது உங்கள் முகத்தில். குண்டு கவட்டையில் பட்டுத் திரும்பினாலும் அப்படியே. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவையும் எழுதியவனைத்தான் ‘கையில் உண்டிவில் பிடித்திருப்பானா’ என்று கேட்டார்கள்.

இன்னொன்று, காட்டில் மாட்டிக்கொண்டவனை முதலில் கொல்வது பசி இல்லை. குளிர் மணிக்கணக்கில் கொல்லும், தாகம் சில நாளில். தண்ணீர் இருந்தால் சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் இருக்கலாம். அப்படியே முயல் கிடைத்தாலும் அதில் கொழுப்பு மிகக் குறைவு. மெலிந்த கறியை மட்டுமே தொடர்ந்து தின்றவர்கள் வயிறு முட்டத் தின்றும் சோர்ந்து விழுந்ததால் ‘முயல் பட்டினி’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. டுலரீமியா என்ற நோய் காட்டுமுயலை உரிக்கும்போது கையில் இருக்கும் கீறல் வழியாகவே ஏறும். வீடியோவில் இதில் ஏதாவது ஒன்று வந்ததா? வராது. முயல் விழுவதற்குத்தான் வியூஸ்.

அந்த ஆள் எந்த ஆபத்தில் இருந்தார் என்றும் எனக்குப் புரியவில்லை. கையில் போன், பக்கத்தில் கேமராக்காரர், சிரிக்கிற அளவுக்கு வயிற்றில் தெம்பு. பல நாடுகளில் காட்டுயிரை இப்படி அடிப்பதே குற்றம். உண்மையாகவே உயிர் போகும் நிலையில் ஒருவன் அடித்தால் நான் வாய் திறக்க மாட்டேன். இது விளையாட்டு. விளையாட்டுக்கு அட்டை போதும், குண்டைத் தடுக்கப் பின்னால் தொங்கவிட ஒரு தடித்த துணி போதும்.

முகம் தெரியாதவர்கள் திட்டியது எனக்குப் பெரிதாகப் படவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். ‘ஏசி ரூம் வேடன்’ கமெண்டுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு பெயர். ரப்பர் எப்படிக் கட்ட வேண்டும், குண்டை எந்த விரலால் பிடிக்க வேண்டும் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். முதல் தடவை கவட்டையில் அடித்துக் கட்டைவிரல் வீங்கியபோது துணியை நனைத்துக் கட்டிவிட்டது நான். அவருக்குத் தெரியும், நான் எங்கே இருந்து பேசுகிறேன் என்று. தெரிந்துதான் சிரித்திருக்கிறார். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதைப் படிப்பார், அது போதும்.

‘இவ்வளவு நீளமாக எழுதியே ஆள் பயந்துவிட்டான்’ என்று இதன் கீழேயும் ஒருவர் வருவார். வாருங்கள். நான்கு சென்டிமீட்டர் வட்டம், பத்து மீட்டர், பத்துக் குண்டு. வெட்டாமல், ஒட்டாமல், ஒரே வீடியோவாக எடுத்துப் போடுங்கள். ஒன்பது பட்டால் நானே ஷேர் செய்கிறேன். முயலை நிற்க வைத்து எடுத்த வீடியோவைக் கொண்டுவந்தால் பிளாக்.