பூட் ஆகாத லினக்ஸை ஃபார்மேட் செய்யச் சொல்லாதீர்கள்

லினக்ஸ் பற்றி யார் என்ன சந்தேகம் கேட்டாலும், முதல் ஆளாக ஒருவர் வந்து "ஃபார்மேட் பண்ணிட்டு ஃப்ரெஷ்ஷா போடுங்க ப்ரோ" என்கிறார். பின்னாலேயே இன்னொருவர், "அந்த டிஸ்ட்ரோவே சரியில்ல, மின்ட் போடுங்க" என்கிறார் (டிஸ்ட்ரோ என்றால் லினக்ஸின் ஒரு பதிப்பு; உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் அப்படி). இரண்டுமே எனக்குப் பிடிக்காத அறிவுரைகள். பிரச்சினை தீராமல் போவதுகூடப் பரவாயில்லை. என்ன பிரச்சினை என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்களே, அங்கேதான் கோபம் வருகிறது.

விண்டோஸில் பழகிய கை அப்படித்தான் போகும், புரிகிறது. சிஸ்டம் மக்கர் செய்தால் கடையில் கொடுப்போம், அவர் காசு வாங்கிக்கொண்டு ஓஎஸ் போட்டுக் கொடுப்பார். ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு வாயாடி. எந்த டிரைவர் ஏறியது, எந்த டிஸ்க் கிடைத்தது, எது பதில் சொல்லவில்லை என்று பூட் ஆகும் நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். உபுண்டு போன்றவை 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு வார்த்தைகளைப் போட்டு அதன் வாயைக் கட்டிவிட்டு, நமக்கு லோகோவை மட்டும் காட்டுகின்றன. எதை பூட் செய்வது என்று கேட்கும் க்ரப் மெனு வந்ததும் ஆங்கில 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் அந்த இரண்டு வார்த்தைகளையும் எடுத்துவிட்டு எஃப்10 தட்டுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், எதுவும் கெட்டுவிடாது. மெனுவே வரவில்லையா? மெஷினை முதலில் எழுப்பும் மென்பொருள் புதிய யுஇஎஃப்ஐ வகை என்றால் ஆன் செய்ததும் எஸ்கேப், பழைய பயாஸ் வகை என்றால் ஷிஃப்ட். வரிகள் எங்கே வந்து நிற்கின்றனவோ, அந்தத் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுங்கள். பாதி வேலை முடிந்தது.

அடிக்கடி பார்க்கும் ஒரு கேஸைச் சொல்கிறேன். நேற்று வரை ஓடிய லேப்டாப், அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் "கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்" என்று சொல்லி நின்றுவிடும்; சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதியைத் திறக்க (மவுண்ட் செய்ய) முடியவில்லை என்று அர்த்தம். பார்த்தவுடன் ஹார்ட் டிஸ்க் போச்சு என்று பயந்துவிடுகிறார்கள். டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். என்க்ரிப்ஷன் போட்டு இன்ஸ்டால் செய்தவர்களுக்கு, கெர்னல்களை வைக்கும் பூட் பார்ட்டிஷன் (டிஸ்கில் ஒதுக்கிய பகுதி) தனியாக இருக்கும். பழைய இன்ஸ்டால்களில் அதன் அளவே சில நூறு எம்பிதான். ஒவ்வொரு புதிய கெர்னலும் தன்னோடு ஓர் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலையும் அங்கே கொண்டுவந்து வைக்கும். டிஸ்கைத் திறந்து ரூட்டை மவுண்ட் செய்யத் தேவையான டிரைவர்களும் கருவிகளும் அதற்குள்தான் இருக்கின்றன. இன்று அது ஒன்றே நூறு எம்பியைத் தாண்டுவது சகஜம். நாலு கெர்னல் சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும். ஐந்தாவது கெர்னல் வரும்போது, கெர்னல் ஃபைல் உட்கார்ந்துவிடும், இனிட்ராம்எஃப்எஸ் எழுதும்போது இடம் போதாமல் பாதியில் நிற்கும். அப்டேட் ஓடும்போது 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று ஒரு வரி சொல்லியிருக்கும். அதை யார் படித்தார்கள்? அடுத்த முறை அந்தக் கெர்னல் எழுந்து பார்த்தால் டிஸ்கைத் திறக்கச் சாவி இல்லை. பேனிக் ஆகாமல் என்ன செய்யும்?

இதற்கு எதையும் ஃபார்மேட் செய்ய வேண்டாம். க்ரப்பில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வழக்கம்போல உள்ளே போய்விடலாம். அப்புறம், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத் தவிர மற்ற பழையதுகளை ஆப்ட் (மென்பொருள்களைப் போடவும் நீக்கவும் உதவும் கட்டளை) மூலம் நீக்குங்கள். பூட் ஃபோல்டருக்குள் போய் ஃபைல்களை நேரடியாகக் கையால் அழிக்க வேண்டாம், ஆப்ட் குழம்பிவிடும். புதிய கெர்னலுக்கு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை, கடைசியில் அப்டேட்-க்ரப் கட்டளை. அவ்வளவுதான். இதையே "ஃப்ரெஷ்ஷா" போட்டிருந்தால்? பார்ட்டிஷன் அளவு அதேதான் என்றால், கெர்னல்கள் சேரச்சேர இதே திரை திரும்ப வரும்.

டிஸ்ட்ரோ மாற்றச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்ட் எடுத்துக்கொள்வதே உபுண்டுவின் கெர்னலைத்தான். உபுண்டுவில் வேலை செய்யாத வைஃபை கார்டு அதே கெர்னல் வெர்ஷனோடு மின்டில் வேலை செய்யப் போவதில்லை. சில சமயம் மாற்றியதும் சரியாகிவிடுகிறது, உண்மைதான். கெர்னல் வெர்ஷன் மாறியதுதான் அங்கே பெரும்பாலும் காரணம். பாராட்டு மட்டும் டிஸ்ட்ரோவுக்குப் போகும்.

கெர்னலிலேயே தப்பு வராது என்றும் நான் சொல்லவில்லை. 2022-இல் 5.19.12 கெர்னல் போட்ட சில இன்டெல் லேப்டாப்களில் திரை மின்னித் தள்ளியது. அந்த வெர்ஷனைப் பயன்படுத்த வேண்டாம் என்று இன்டெல் பொறியாளரே சொன்னார், 5.19.13-இல் சரிசெய்தார்கள். டெபியன் 2023 டிசம்பரில் 12.3 வெளியிடத் தயாராகி, 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல்சிஸ்டம்) டேட்டாவைக் கெடுக்கும் பிழை தெரியவந்ததால் அதை நிறுத்திவிட்டு, திருத்தத்தோடு 12.4 வெளியிட்டது. அதனால்தான் குறைந்தது ஒரு பழைய கெர்னலையாவது சிஸ்டத்தில் விட்டு வையுங்கள் என்கிறேன். இடம் மிச்சப்படுத்த ஒன்றே ஒன்றை வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

இன்ஸ்டாலே ஆகவில்லை என்பவர்களுக்கும் காரணம் பெரும்பாலும் பயாஸ்/யுஇஎஃப்ஐ செட்டிங்கில்தான் இருக்கும். இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் மோட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே மெஷினில் விண்டோஸும் இருந்தால், அதை வழக்கமான ஏஎச்சிஐ மோட் ஆக்குவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் எழும்படி செட் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது மண்டையைப் போட்டுவிடும். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாததை ஏற விடாத காவல்) ஆனில் இருக்கும்போது என்விடியா டிரைவர் போட்டால், ரீஸ்டார்ட்டில் 'மோக் மேனேஜ்மென்ட்' என்று ஒரு நீலத்திரை வரும். எல்லோரும் 'கன்டினியூ' கொடுத்துத் தாண்டிவிட்டு, டிரைவர் லோட் ஆகவில்லை என்று புலம்புகிறார்கள். டிரைவரின் கையொப்பச் சாவியைச் சேர்க்க அங்கே 'என்ரோல்' கொடுக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் டூயல் பூட் மெஷின்கள் பல 'ஷிம் எஸ்பேட்' என்று ஏதோ சொல்லி லினக்ஸுக்குள் விட மறுத்தன. அதை ரீஇன்ஸ்டால் செய்து எத்தனை பேர் வார இறுதியைத் தொலைத்தார்களோ! செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்து, உள்ளே போய், மோக்யுடில் கட்டளையால் அந்த எஸ்பேட் பாலிசியை நீக்கினால் போதுமானதாக இருந்தது.

நான் ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்லும் ஒரே ஆள், ரூட் ஃபோல்டர் முழுக்க 777 பெர்மிஷன் (யாரும் எதையும் மாற்றலாம் என்ற அனுமதி) கொடுத்துவிட்டு வருபவர். அவருக்கு வேறு மருந்து கிடையாது.

மற்றவர்கள் உதவி கேட்கும்போது "திடீர்னு வேலை செய்யல" என்று மட்டும் எழுதாதீர்கள். பழைய கெர்னலில் உள்ளே போக முடிந்தால், கடைசியாக எதெது அப்டேட் ஆனது என்று ஆப்ட்டின் ஹிஸ்டரி லாக் தேதியோடு சொல்லும். கெர்னல் வெர்ஷன், அந்த லாக், முன்பு சொன்ன போட்டோ, மூன்றையும் போடுங்கள். 6.12 கெர்னலிலிருந்து பேனிக் திரையிலேயே க்யூஆர் கோடு காட்டும் வசதியும் வந்துவிட்டது, உங்கள் டிஸ்ட்ரோ அதை ஆன் செய்திருந்தால் ஸ்கேன் செய்தே லாக்கை எடுத்துவிடலாம்.